1:50 என்று போட்டிருக்கிறது, ஆனால் எங்கள் அறை அந்த அளவில் இல்லை (உயர்நிலை 2 கணக்கு, உதவி தேவை)

தெம்பனிஸ்_அம்மா | சனி, மாலை 5.20

எல்லோருக்கும் வணக்கம். மகன் உயர்நிலை 2, கணக்கு ஜி3 (மூன்று நிலைகளில் கடினமானது). இந்த வாரம் வகுப்பில் வரைபட அளவுத்திட்டம் தொடங்கியிருக்கிறார்கள், அதாவது 1:50 என்றால் தாளில் 1 செ.மீ. உண்மையில் 50 செ.மீ. என்கிற விகிதம். ஆசிரியை கொடுத்த வீட்டுப்பாடம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அவரவர் வீட்டுத் தரைப்படத்தை எடுத்து, ரூலரால் அளந்து, ஒவ்வோர் அறையின் உண்மையான நீள அகலத்தையும் மொத்தப் பரப்பளவையும் எழுதி வர வேண்டும்.

எங்களுடையது நாலறை வீவக (சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. சாவி வாங்கிய சமயம் உள்ளலங்காரம் செய்தவர்கள் வரைந்து அனுப்பிய பிடிஎஃப் என் கணவரின் மின்னஞ்சலில் இருந்தது. அதை வீட்டு பிரிண்டரில் எடுத்துக் கொடுத்தேன். கீழே மூலையில் 1:50 என்று அச்சாகியிருக்கிறது. பிள்ளை உட்கார்ந்து ஒரு மணி நேரம் அளந்தான். பிறகு முகம் வாடி வந்து, "அம்மா, என் ரூம் 2.1 மீட்டர்தான் வருது. என் கட்டிலே 1.9 மீட்டர். அப்போ மேசை எங்கே நிக்குது?" என்று கேட்டான்.

மொத்தப் பரப்பளவு 44 சதுர மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. வீடு வாங்கியபோது கொடுத்த தாள்களில் உள்ளே 90 சதுர மீட்டர் என்றுதான் இருக்கிறது. ஏர்கான் திட்டையும் சேர்த்தால் 93.

மூன்று தடவை அளந்துவிட்டான். ஒவ்வொரு தடவையும் அதே விடை. "எனக்குக் கணக்கு வரலை" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டான். தொடக்கநிலை 5-இலிருந்தே விகிதம் அவனுக்குப் பிடித்த பாடம். எங்கே தப்பு என்று யாராவது சொன்னால் நன்றியாக இருப்பேன்.

யீஷூன்_அப்பா | சனி, மாலை 5.48

அலகு மாற்றத்தில்தான் தப்பு இருக்கும் சிஸ்டர். என் மகளும் செ.மீ.-ஐ மீட்டராக மாற்றும்போது சைபரை விட்டுவிடுவாள். எத்தனை செ.மீ. அளந்தான், அதை எப்படிப் பெருக்கினான் என்று அப்படியே இங்கே போடுங்கள்.

தெம்பனிஸ்_அம்மா | சனி, மாலை 6.05

அவன் நோட்டில் இருப்பது இது:

அறை அகலம் 4.2 செ.மீ. × 50 = 210 செ.மீ. = 2.1 மீ
அறை நீளம் 4.6 செ.மீ. × 50 = 230 செ.மீ. = 2.3 மீ
கூடத்தின் நீளச் சுவர் 10.6 செ.மீ. × 50 = 530 செ.மீ. = 5.3 மீ

பெருக்கலில் தப்பில்லை அண்ணா, நானும் போட்டுப் பார்த்தேன்.

வரைவாளர் | சனி, இரவு 8.30

அம்மா, உங்கள் மகன் கணக்கில் ஒரு தப்பும் இல்லை. தாளில்தான் தப்பு. முதலில் இதை அவனிடம் போய்ச் சொல்லிவிடுங்கள், பிறகு வந்து மீதியைப் படியுங்கள்.

நான் இங்கே கட்டட நிறுவனங்களில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வரைவாளராக இருக்கிறேன். உள்ளலங்காரப் படங்கள் பெரும்பாலும் ஏ3 தாளுக்கென்று வரையப்படும். ஏ3 என்பது 297 × 420 மி.மீ. உங்கள் வீட்டு பிரிண்டர் ஏ4, அதாவது 210 × 297. பெரிய படத்தைச் சின்னத் தாளுக்குள் அடக்க பிரிண்டர் தானாகவே சுருக்கிவிடும். "ஃபிட்" என்று ஒரு குறி அங்கே போட்டிருக்கும், யாரும் கவனிப்பதில்லை. படம் சுருங்கும், கோடுகள் சுருங்கும். மூலையில் எழுதியிருக்கும் "1:50" என்ற எழுத்தும் உருவத்தில் சுருங்கும். ஆனால் அந்த எண் மாறாது. ஏ4 தாளில் அது இனி உண்மை இல்லை.

எவ்வளவு சுருங்கும்? ஏ3-ஐ நடுவில் மடித்தால் ஏ4. பரப்பு சரிபாதி. பரப்பு பாதியாக வேண்டுமானால் நீளமும் அகலமும் ஒவ்வொன்றும் 0.707 மடங்காக வேண்டும், ஏனென்றால் 0.707 × 0.707 = 0.5. ஆக 1:50 படம் ஏறக்குறைய 1:70.7 ஆகிவிடும். பிரிண்டர் ஓரத்தில் வெள்ளை விளிம்பு விடுவதால் இன்னும் கொஞ்சம் குறையும். உங்கள் மகனுக்கு 90-க்குப் பதிலாக 44 வந்ததைப் பாருங்கள், பாதியைவிடக் கொஞ்சம் கம்மி. கேட்டதும் எனக்குச் சந்தேகம் வந்தது அந்த எண்ணால்தான். இப்படிச் சரியாகப் பாதி வருவதற்கு அளப்பவன் மிகக் கவனமாக அளந்திருக்க வேண்டும்.

இப்போது ஒரு வேலை செய்யச் சொல்லுங்கள். இரும்பு டேப் எடுத்து, கூடத்தின் அந்த நீளச் சுவரை நேரில் அளக்கட்டும். அந்த அளவைச் செ.மீ.-இல் எழுதி 10.6-ஆல் வகுக்கட்டும். வருவதுதான் அந்தத் தாளின் உண்மையான அளவுத்திட்டம்.

நீளமான சுவரைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ரூலரில் கண்ணால் படிக்கும்போது அரை மி.மீ. இப்படி அப்படிப் போகும். 4.2 செ.மீ.-இல் அரை மி.மீ. என்றால் நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் பிழை. 10.6-இல் அரைகூட இல்லை. எந்தச் சுவர் என்பதும் முக்கியம். அலமாரி அடித்த சுவர், இடித்துக் கட்டிய சுவர் எல்லாம் வேண்டாம். புதிய வீடுகளில் ஆபத்து நேரத்தில் ஒதுங்குவதற்கான பாதுகாப்பறை இருக்கும் அல்லவா, அதன் கம்பி கான்கிரீட் சுவரை இடிக்க அனுமதியில்லை. படத்தில் தடிமனாகத் தெரியும். சரிபார்க்க நான் அதைத்தான் அடிக்கடி பயன்படுத்துவேன், ஆனால் அது சின்ன அறை. முதலில் கூடம், பிறகு அது.

யீஷூன்_அப்பா | சனி, இரவு 9.02

வரைவாளர் அண்ணே, விளக்கம் அருமை. எனக்குத் தெரியாத விஷயம். ஆனால் ஒரு பெற்றோராகக் கேட்கிறேன், இது பிள்ளையைக் குழப்பாதா? தேர்வில் அளவுத்திட்டத்தை அவர்களே கொடுத்துவிடுவார்கள். செ.மீ. அளவையும் கொடுத்துவிடுவார்கள். பெருக்க வேண்டும், அலகு மாற்ற வேண்டும், அவ்வளவுதான். பத்துக் கணக்கு போட்டுப் பழகினால் மதிப்பெண் வந்துவிடும். பிரிண்டர், டேப் என்று போனால் நேரம்தான் போகும். துணைப்பாட வகுப்பு ஆசிரியரும் இதையேதான் சொன்னார்.

கணக்கு_டீச்சர் | சனி, இரவு 10.15

யீஷூன் அப்பா, உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. முப்பது வருடம் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு நடத்திவிட்டு ஓய்வு பெற்றவள் நான். பெற்றோர் சந்திப்பில் இந்தக் கேள்வியை என்னிடம் பலமுறை கேட்டிருக்கிறார்கள்.

தேர்வில் வருகிற ஒரு கணக்கைப் பார்ப்போம். "6 கி.மீ. நீளமுள்ள சாலை வரைபடத்தில் 15 செ.மீ. ஆக இருக்கிறது. அளவுத்திட்டம் 1:n. n என்ன?" 6 கி.மீ. என்பது 600,000 செ.மீ. அதை 15-ஆல் வகுத்தால் 40,000. வரைவாளர் அந்தப் பையனைச் செய்யச் சொன்னது என்ன? உண்மை நீளத்தைச் செ.மீ.-இல் எழுது, தாளில் உள்ள நீளத்தால் வகு. இரண்டும் ஒரே கணக்கு. வகுப்பில் நிறையப் பிள்ளைகள் இந்தக் கணக்கில்தான் தடுமாறுவார்கள், ஏனென்றால் "50-ஆல் பெருக்கு" என்று மட்டுமே பழகியிருப்பார்கள். எதிர்ப்பக்கம் திருப்பிக் கேட்டால் எதை எதால் வகுப்பது என்று தெரியாது. டேப் பிடித்துச் சுவரை அளந்த பிள்ளைக்கு அது தெரியும், சுவர் பெரிது, கோடு சின்னது, இது அதில் எத்தனை முறை அடங்கும் என்று கையே சொல்லிவிடும்.

அதே கணக்கின் அடுத்த பகுதி எப்போதும் பரப்பளவு. "அதே வரைபடத்தில் ஒரு நீர்த்தேக்கம் 12 சதுர செ.மீ. உண்மைப் பரப்பளவு என்ன?" 1 செ.மீ. 0.4 கி.மீ. என்பதால் பாதி வகுப்பு 12 × 0.4 = 4.8 என்று எழுதிவிடும். நான் இப்படி இரண்டு வரி எழுதாமல் பேனாவை நகர்த்தவே விடமாட்டேன்:

1 செ.மீ. → 0.4 கி.மீ.
1 சதுர செ.மீ. → 0.16 சதுர கி.மீ.

பிறகுதான் 12 × 0.16 = 1.92 சதுர கி.மீ. இரண்டாவது வரி எங்கிருந்து வந்தது என்று கேட்டால், ஒரு செ.மீ. பக்கமுள்ள சின்னக் கட்டம் வரைந்து, அதன் நான்கு பக்கத்திலும் 0.4 என்று எழுதிக் காட்டச் சொல்வேன். படம் வரையாத பிள்ளை அடுத்த வாரம் மறந்துவிடும். இதை நான் எத்தனையோ வகுப்பில் பார்த்துவிட்டேன்.

தெம்பனிஸ் அம்மா, உங்கள் மகன் விடையைப் பார்த்துவிட்டு "கட்டிலே 1.9 மீட்டர், மேசை எங்கே நிற்கும்" என்று கேட்டானே, அந்தக் கேள்விக்காகவே நான் முழு மதிப்பெண் கொடுத்திருப்பேன். வந்த விடை நடக்கக்கூடியதா என்று திரும்பிப் பார்ப்பதைச் சொல்லிக் கொடுக்கத்தான் வருடம் முழுக்கப் போராடுகிறோம்.

பொங்கோல்வாசி | ஞாயிறு, காலை 7.40

இந்த இழையைப் படித்ததும் என் சமையலறை ஞாபகம் வந்துவிட்டது. புது வீட்டுக்குக் குளிர்சாதனப் பெட்டி வாங்கும்போது, உள்ளலங்கார நிறுவனம் கொடுத்த படத்தில் அதற்கான இடத்தை ரூலர் வைத்து அளந்தேன். 1:50 படம், 14 மி.மீ. வந்தது, அதாவது 70 செ.மீ. பெட்டி 69 செ.மீ. ஒரு செ.மீ. மிச்சம் என்று நம்பிப் பணம் கட்டிவிட்டேன். கொண்டு வந்து வைத்தால் உள்ளே போகவில்லை. பூச்சும் ஓடும் ஒட்டிய பிறகு இடம் 67.5 தான் இருந்தது. பெட்டியை மாற்ற 3 வாரம் ஆனது. சிறு குழந்தை வைத்துக்கொண்டு அந்த 3 வாரம் பட்ட பாடு சொல்லி முடியாது.

நான் படித்தவள். 1:50 என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். ஆனால் 14 மி.மீ. என்று நான் படித்ததில் அரை மி.மீ. தப்பினால் சுவரில் இரண்டரை செ.மீ. தப்பும் என்று பள்ளியில் யாரும் சொல்லித் தரவில்லை.

தச்சுவேலை | ஞாயிறு, காலை 9.10

பொங்கோல் சிஸ்டர் சொல்றது மாசம் ஒண்ணு நடக்குது. நான் செம்பவாங்கில பட்டறை வெச்சிருக்கேன். படத்துல ரூலர் வெச்சு அளந்து நான் ஒரு பலகைகூட வெட்டினதில்ல. வீட்டுக்குப் போவேன், லேசர் வெச்சு மேல, நடுவுல, கீழன்னு மூணு இடத்துல அளப்பேன். சுவர் மேல ஓர் அளவு, கீழ ஓர் அளவு இருக்கும். எது சின்னதோ அதுக்குத்தான் அலமாரி.

ஒண்ணு கேக்கணும் டீச்சர். நாங்க வேலையில செய்யவே கூடாதுன்னு வெச்சிருக்கிற ஒரு காரியத்தைப் பள்ளிக்கூடத்துல ஏன் பாடமா வெச்சிருக்கீங்க? மரியாதைக் குறைவா கேக்கல, உண்மையாவே தெரிஞ்சுக்கணும்.

வரைவாளர் | ஞாயிறு, காலை 10.25

தச்சர் அண்ணன் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. கட்டடப் படங்களின் ஓரக் குறிப்பில் "படத்தை அளக்க வேண்டாம், எழுதப்பட்ட அளவுகளையே பின்பற்றவும்" என்று ஒரு வரி இருக்கும். இது கணினி வந்த பிறகு சேர்த்ததில்லை. டிரேசிங் தாளில் மையால் வரைந்த காலத்திலேயே உண்டு. நம் ஊர் ஈரத்துக்குத் தாள் இழுக்கும், சுருங்கும். நகல் எடுக்க எடுக்க இன்னும் மாறும். அதனால்தான் படம் வரைபவர் ஒவ்வொரு சுவருக்கும் அம்புக்குறி போட்டு 3000, 3300 என்று மில்லிமீட்டரில் எழுதிவிடுகிறார்.

இன்னொன்று. நான் ஆட்டோகேட் என்ற வரைகலை மென்பொருளில் வரையும்போது அளவுத்திட்டமே கிடையாது. 3 மீட்டர் சுவரை 3000 என்றே போடுவேன். கணினிக்குள் வீடு முழு அளவில் நிற்கிறது. அச்சுக்கு அனுப்பும்போதுதான் இந்தத் தாளுக்கு 1:50 போதுமா, 1:100 வேண்டுமா என்று தேர்ந்தெடுப்பேன். 1:50 என்பது வீட்டைப் பற்றிய செய்தி இல்லை, அந்த ஒரு தாளைப் பற்றியது. தாள் மாறினால் அது செல்லாது. இதை உயர்நிலைப் பிள்ளைகளுக்கு ஒரு முறை செய்து காட்டினால் போதும், வாழ்நாளுக்கும் மறக்க மாட்டார்கள்.

இதற்குத்தான் நல்ல படங்களில் எண்ணோடு சேர்த்து 0, 1, 2, 3 மீட்டர் என்று கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட ஒரு கோடும் இருக்கும். படம் சுருங்கினால் அந்தக் கோடும் கூடவே சுருங்கும், அதனால் அது பொய் சொல்லாது. எண்ணும் கோடும் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை என்றால் கோட்டை நம்புங்கள்.

கணக்கு_டீச்சர் | ஞாயிறு, மதியம் 12.40

தச்சர் தம்பி, நல்ல கேள்வி. காலையிலிருந்து இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் வேலை செய்கிற படத்தில் அளவுகள் எழுதியிருக்கின்றன, வீட்டுக்கு நேரிலும் போகலாம். நாட்டின் வரைபடத்தில் இரண்டும் முடியாது. ஒவ்வொரு சாலைக்கும் நீளம் எழுத இடமில்லை. தண்ணீருக்குள் இறங்கி நீர்த்தேக்கத்தை அளக்க முடியாது. அங்கே தாளில் அளந்து கணக்குப் போடுவதைத் தவிர வேறு வழியே கிடையாது.

கரையோரப் பூந்தோட்டங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 101 ஹெக்டேர், ஏறக்குறைய 1 சதுர கி.மீ. 1:50,000 வரைபடத்தில் அது 4 சதுர செ.மீ., ஓர் அஞ்சல்தலை அளவு. 1:25,000-இல் 16 சதுர செ.மீ. அளவுத்திட்டத்தின் எண் பாதியானால் பரப்பு நான்கு மடங்கு. எண் சின்னதானால் படம் பெரிது என்பதே பிள்ளைகளுக்கு முதலில் விளங்காது. 50,000 பெரிய எண், அதனால் அதுதான் பெரிய படம் என்று அடித்துச் சொல்வார்கள்.

அவர்களுக்கு நான் வைக்கும் சோதனை இதுதான். 1:100,000 என்றால் 1 செ.மீ. 1 கி.மீ., 1 சதுர செ.மீ. 1 சதுர கி.மீ. சிங்கப்பூரின் பரப்பு இன்று 730 சதுர கி.மீ.-க்கு மேல். ஓர் ஏ4 தாளின் பரப்பு 21 × 29.7, அதாவது 624 சதுர செ.மீ.-க்குச் சற்றுக் குறைவு. அந்த அளவுத்திட்டத்தில் நம் நாடு ஏ4 தாளுக்குள் அடங்குமா? வரையாமலேயே விடை சொல்லலாம், அடங்காது. சுதந்திரம் அடைந்த 1965-இல் நிலப்பரப்பு சுமார் 580. பரப்பை மட்டும் பார்த்தால் அன்று அடங்கியிருக்கும் என்று ஒரு மாணவி சொன்னாள். உடனே பக்கத்தில் இருந்தவள், "கிழக்கிலிருந்து மேற்கே 50 கி.மீ., தாள் 30 செ.மீ. கூட இல்லையே, அன்றைக்கும் அடங்காது" என்றாள். அந்த வகுப்பை நான் மறக்கவே மாட்டேன். பரப்பும் வேண்டும், நீளமும் வேண்டும் என்று இரண்டு பிள்ளைகளே பேசி முடித்துவிட்டார்கள்.

ஆனால் உங்கள் கேள்வியில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை ஒப்புக்கொள்கிறேன். தாளில் எழுதியிருக்கும் அளவுத்திட்டத்தைப் பயன்படுத்தும் முன்பு, தெரிந்த ஒரு நீளத்தால் அதைச் சரிபார்க்க வேண்டும் என்று நான் எல்லா வருடமும் சொல்லிக் கொடுத்தேனா என்றால், இல்லை. பாடப்புத்தகத்தில் அச்சான படம் எப்போதும் சரியாக இருந்ததால் எனக்கும் தோன்றவில்லை. இன்று வகுப்பில் இருந்தால் முதல் நாளே ஒரே படத்தை ஏ3-இலும் ஏ4-இலும் நகல் எடுத்து இரண்டு குழுவுக்குக் கொடுத்திருப்பேன்.

சிராங்கூன்_தம்பி | ஞாயிறு, மதியம் 1.30

வணக்கம் டீச்சர். நான் பலதுறைத் தொழிற்கல்லூரியில் கட்டடக்கலை படிக்கிறேன். உயர்நிலையில் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும்.

ஒரு செயல்திட்டத்துக்கு எம்ஆர்டி ரயில் வரைபடத்தில் நிலையங்களுக்கு இடையே ரூலர் வைத்து அளந்தேன். அந்தப் படம் அளவுத்திட்டப்படி வரைந்ததே இல்லை என்று எனக்குத் தெரியாது. எந்த ரயிலில் ஏறி எங்கே மாறுவது என்பதைக் காட்டத்தான் அது. பென்கூலன் நிலையத்திலிருந்து பிராஸ் பசா நிலையத்துக்குச் சில நிமிடத்தில் நடந்துவிடலாம், ரயிலில் போனால் சுற்ற வேண்டும். கோடுகளை நேராக்கி, இடைவெளிகளைச் சமமாக்கி வரைந்த படத்தில் தூரம் பார்க்கவே முடியாது. அளவுத்திட்டம் எழுதாத படத்தை அளக்கக் கூடாது என்பது எனக்கு அப்படித்தான் புரிந்தது.

திறன்பேசியில் பார்க்கும் வான்படத்திலும் 1:2000 என்று நிலையான எண் இருக்க முடியாது, விரலால் விரித்தால் மாறிவிடும். அதற்கு ஒரு வழி உண்டு. உங்கள் வட்டார நீச்சல் வளாகத்தைத் தேடுங்கள். போட்டிக்கான பெரிய குளம் 50 மீட்டர். திரையில் அது 2.5 செ.மீ. வந்தால் 5000 செ.மீ. ÷ 2.5 = 2000. திரையைத் தொடாமல் அப்படியே வைத்துக்கொண்டு பக்கத்தில் உள்ள புளோக்கின் நீளத்தை அளக்கலாம். பூப்பந்துத் திடல் தெரிந்தால் அதுவும் ஆகும், 13.4 மீட்டர்.

பிள்ளைகளை மேக்ஸ்வெல் சாலையில் உள்ள சிங்கப்பூர் நகரக் காட்சியகத்துக்கும் அழைத்துப் போங்கள். நகர மையத்தின் பெரிய மாதிரி இருக்கிறது. ரிபப்ளிக் பிளாசா 280 மீட்டர் என்பது தெரிந்தால், பக்கத்துக் கட்டடம் அதில் எத்தனை பங்கு என்று கண்ணாலேயே கணிக்கலாம். நான் இந்தப் படிப்பை எடுத்ததே அங்கே நின்ற ஒரு மதியத்தால்தான்.

தெம்பனிஸ்_அம்மா | ஞாயிறு, மாலை 4.10

எல்லோருக்கும் நன்றி. மகன் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் படிக்கிறான். நான் தமிழில் வாசித்துக் காட்ட, அவன் நோட்டில் குறித்துக்கொள்கிறான்.

இடையில் ஒரு விஷயம் தெரிந்தது. அவனுடைய குழப்பத்தில் என் பங்கும் இருக்கிறது. நான் திருச்சியில் படித்தவள். எங்கள் வீட்டில் ரூலரை "ஸ்கேல்" என்றுதான் சொல்வோம். "ஸ்கேல் எடுத்து அள" என்று சிறுவயதிலிருந்து அவனிடம் சொல்லியிருக்கிறேன். வகுப்பில் ஆசிரியை சொல்லும் ஸ்கேல் விகிதம். நான் சொல்லும் ஸ்கேல் கையில் இருக்கும் குச்சி. "ஸ்கேல் தப்பா இருக்கு" என்று நேற்று நான் சொன்னபோது, அவன் போய் வேறொரு ரூலர் எடுத்து வந்தான்! சரி, நல்ல தமிழில் சொல்லலாம் என்றால் "அளவுகோல்" என்பதும் இரண்டுக்கும் பொதுவாகவே இருக்கிறது. நீங்கள் எல்லாம் வீட்டில் என்ன சொல்கிறீர்கள்?

கணக்கு_டீச்சர் | ஞாயிறு, மாலை 4.35

குச்சிக்கு "ரூலர்" அல்லது "அடிக்கோல்", விகிதத்துக்கு "அளவுத்திட்டம்". வீட்டில் இந்த இரண்டையும் பிரித்து வைத்துவிடுங்கள். வகுப்பில் தமிழ் வீட்டுப் பிள்ளைகள் சிலர் இந்தச் சொல்லில் ஏன் தயங்குகிறார்கள் என்று எனக்கு இன்றுதான் புரிகிறது. இத்தனை வருடம் இது தெரியாமல் போயிற்றே என்று வருத்தமாக இருக்கிறது.

தச்சுவேலை | ஞாயிறு, மாலை 5.15

டீச்சர் விளக்கம் மனசுக்குத் திருப்தி. வரைபடத்துக்கு வேற வழி இல்லைங்கிறதை நான் யோசிக்கல.

எங்க தாத்தா கோவில் சிற்ப வேலை பார்த்தவர். அவர்கிட்ட செ.மீ.-ம் கிடையாது, நாம டேப்புல அளக்குற அங்குலமும் கிடையாது. தாளக் கணக்குதான். நவதாளம்னா சிலையோட முகம் ஒரு தாளம், மொத்த உயரம் ஒன்பது தாளம். ஒரு தாளத்தைப் பன்னிரண்டா பிரிச்சா ஓர் அங்குலம், அது அந்தச் சிலைக்கு மட்டும் உண்டான அங்குலம். அடுத்த சிலைக்கு அது வேற. கையளவு பஞ்சலோகச் சிலையும் ஆளுயரக் கருங்கல்லும் ஒரே கணக்குல வரும். சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோவில் கோபுரத்தைப் பார்க்கும்போதெல்லாம், ஒரு சிலையோட முகத்தை அளவா வெச்சு உடம்பை எண்ணிப் பார்ப்பேன். தம்பிக்கு இதையும் சொல்லுங்க, அவனுக்குப் பிடிக்கும்.

வரைவாளர் | ஞாயிறு, மாலை 5.30

அண்ணே, அற்புதம். நான் மேலே சொன்ன கறுப்பு வெள்ளைக் கோடும் அதேதான். அளவு படத்துக்குள்ளேயே இருக்கிறது, வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியதில்லை.

யீஷூன்_அப்பா | ஞாயிறு, இரவு 8.20

நேற்று நான் எழுதியதைத் திரும்பப் படித்தேன். நீர்த்தேக்கக் கணக்கை மகளிடம் கொடுத்தேன், 4.8 என்றுதான் எழுதினாள். டீச்சர் சொன்னபடி கட்டம் வரையச் சொன்னேன். நான்கு பக்கத்திலும் 0.4 எழுதியதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அப்போ நான் இத்தனை நாளும் போட்டதெல்லாம் தப்பா அப்பா?" என்று கேட்டாள். பழைய பயிற்சித்தாளை எடுத்துப் பார்த்தோம். ஐந்து பரப்பளவுக் கணக்கில் மூன்று இப்படித்தான் தவறியிருக்கிறது. எல்லாமே பத்துக் கணக்கு போட்டுப் பழகிய பிறகு எழுதியவை. டீச்சர், மிக்க நன்றி.

தெம்பனிஸ்_அம்மா | ஞாயிறு, இரவு 9.45

அளந்துவிட்டோம். அவன் ஒரு முனை, அப்பா ஒரு முனை, நான் எழுதினேன்.

கூடத்து நீளச் சுவர் 7.6 மீ. 760 ÷ 10.6 = 71.7
அவன் அறை நீளம் 3.3 மீ. 330 ÷ 4.6 = 71.7
அறை அகலம் 3 மீ. 300 ÷ 4.2 = 71.4

மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றாக வந்ததும் அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். வரைவாளர் அண்ணன் சொன்ன 70.7-ஐவிடக் கொஞ்சம் கூட வந்ததற்குக் காரணம் வெள்ளை விளிம்பு என்று அவனே சொன்னான். அகலத்துக்கு மட்டும் 71.4 வந்தது ஏன் என்று அப்பா கேட்டார். "அது சின்னக் கோடு, என் கண்ணு தப்பு அதுல அதிகமா தெரியும்" என்றான்.

பிறகு பரப்பளவு. தாளில் வீடு மொத்தம் 175 சதுர செ.மீ. முதலில் கட்டம் வரைந்து நான்கு பக்கத்திலும் 0.717 மீ. எழுதினான். ஒரு கட்டம் 0.514 சதுர மீட்டர். 175 × 0.514 = 89.95. சமையலறையில் இருந்த எனக்குக் கேட்கும்படி "தொண்ணூறு!" என்று கத்தினான்.

வீட்டுப்பாடத் தாளில் 1:50 என்பதை அடித்துவிட்டு 1:71.7 என்று எழுதியிருக்கிறான். காரணத்தை மூன்று வரியில் எழுதி, மூலையில் 0 முதல் 3 மீட்டர் வரை ஒரு கறுப்பு வெள்ளைக் கோடும் போட்டிருக்கிறான், ஒரு மீட்டருக்கு 1.4 செ.மீ. வீதம். நாளை முதல் பாடவேளையே கணக்கு. நகல் கடையில் ஏ3-இல் ஒரு பிரதி எடுத்துப் போகலாமா, ஆசிரியையிடம் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டலாமா என்று கேட்கிறான். காலை ஆறரைக்குத் திறக்கிற நகல் கடை தெம்பனிஸில் யாருக்காவது தெரியுமா?

பொங்கோல்வாசி | ஞாயிறு, இரவு 9.58

என் அலுவலகத்தில் ஏ3 பிரிண்டர் இருக்கிறது, ஆனால் காலைக்குள் கொண்டுவர முடியாது. கடை கிடைக்கவில்லை என்றால் படத்தை நான்கு துண்டாக "ஆக்சுவல் சைஸ்" (சுருக்காமல் அதே அளவு) வைத்து ஏ4-இல் எடுத்து ஒட்டச் சொல்லுங்கள். ஒட்டிய பிறகு அந்தக் கூடத்துச் சுவர் 15.2 செ.மீ. இருக்கிறதா என்று மறக்காமல் அளந்துவிட்டு அனுப்புங்கள்.